எட்டில் ஒரு பங்கு

எங்கள் சொந்தத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குனிஞ்சான் என்றால் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அவன் அம்மா எனக்குப் பெரியப்பா மகள், அக்கா முறை. அந்த அக்காவுக்கு மூத்தது ஒரு பெண், பன்னிரண்டு வருஷம் கழித்து இவன். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவன் நடக்கப் பழகுமுன்பே அக்கா போய்ச் சேர்ந்தாள். அப்பன்காரன் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். அந்த வழியில் ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள், நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள், அது வேறு கதை. இங்கே தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது பெரியவள்தான்.

பெரியவளுக்கு இரண்டு இடம் வந்தது. முதல் இடத்துக்கு, தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றாள். இரண்டாவதற்கு, தம்பி தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். தொழிலைக் கற்றுக்கொண்டபோது மூன்றாவது இடம் வரவில்லை. சரி, இவனுக்காவது முடிப்போம் என்று பெண் பேச ஒரு வீட்டுக்கு இவனைக் கூட்டிப்போனோம். போன இடத்தில் அவர்கள் டெலிபோன் கரகரவென்றது. இவன் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் குனிந்தவன்தான். பெண் வந்து நின்றாள், பேசினாள், உள்ளே போனாள். டெலிபோன் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது பெரியவள் கேட்டாள், "பொண்ணு எப்படிடா?" இவன் சொன்னான், "வயர்ல எலி கடிச்சிருக்கு." பெண்ணின் அப்பா எனக்குச் சொல்லியனுப்பினார்: ரிப்பேருக்கு நல்ல ஆள், மாப்பிள்ளைக்கு ஆகாது.

அப்புறம் யாரும் முயற்சி செய்யவில்லை. அக்காவும் தம்பியும் இரண்டு அறை வீட்டில் காலத்தை ஓட்டிவிட்டார்கள். இவன் டெலிபோனை விட்டுக் கைபோனுக்கு வந்தான். கடைத்தெருவில், பின்பக்கச் சந்தில், கைநீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடுகிற மாதிரி ஒரு கடை. முன்னால் கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் இவன் உட்காரும் பலகை, ஓரத்தில் வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு சால்டரிங் பிடித்தான் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வருகிறவர்கள் போனை வைத்துவிட்டுக் குறையைச் சொல்வார்கள். இவன் தலையை ஆட்டுவான். கேட்டு ஆட்டுகிறான் என்று நினைப்பார்கள். லென்ஸுக்குள் குண்டூசி முனை அளவு இடத்தைத் தேடும்போது தலை தானாக அப்படி ஆடும், அவ்வளவுதான்.

கடையில் ஒருமுறை திருட்டுப் போனது. அதற்கப்புறம் பெரியவள் பிடிவாதம் பிடித்து ஒரு கேமரா மாட்டச் சொன்னாள். மேசை, பலகை, ஸ்டூல் மூன்றும் தெரியும்படி மூலையில் மாட்டினார்கள். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. அந்தப் படம் கடையில் தங்காது. இன்டர்நெட் லைன் வழியாக எங்கேயோ இருக்கிற கேமரா கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துண்டு என்று அங்கே சேரும். ஒரு மாதமும் சொச்சமும் வைத்திருப்பார்கள், பழையது தானாக அழிந்துபோகும். இவன் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. களவு போகவில்லையே, எதற்குப் பார்க்க?

பெரியவள் ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இவன் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்க்கும்போது விளக்குகூடப் போடாமல் வீடு கிடந்தது. காரியங்களெல்லாம் சொந்தக்காரர்கள் கூட இருந்து முடித்தார்கள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், குழாய்ச் சத்தம். வேறென்ன இருந்திருக்கும்.

அவளுடைய படம் என்று வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் யாரோ அதட்டிய மாதிரி இருப்பாள். ஊர் போனையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன், கூடப் பிறந்தவளை ஒரு படம் எடுக்கவில்லை. அவளும் எடுக்க விடமாட்டாள், போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

அப்போதுதான் அந்தக் கேமரா கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. கம்பெனியை மூடுகிறார்களாம். இன்ன தேதி சாயங்காலம் ஆறு மணிவரை உங்கள் படங்களை இறக்கிக்கொள்ளலாம், பிறகு எதுவும் இருக்காது என்று. படித்த பிறகுதான் இவனுக்கு உறைத்தது. அந்த ஒரு மாதத்தில் பெரியவள் இருக்கிறாள். தினமும் சாப்பாட்டு கேரியரோடு கடைக்கு வருவாளே, அந்தக் கேமராவுக்குக் கீழேதானே வந்துபோயிருப்பாள். அவள் நடப்பது, கையை ஆட்டுவது, உயிரோடு இருப்பது, உலகத்திலேயே அது ஒன்றில்தான் மிச்சம் இருக்கிறது.

ஆனாலும் உடனே எடுக்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. தள்ளிப்போடுவதற்கு ஒரு கணக்கும் அகப்பட்டது. மொத்தம் நூற்று முப்பத்தைந்து ஜி.பி. ஒரு ஜி.பி.க்கு ஆயிரம் எம்.பி. கடை லைனின் வேகம் நொடிக்கு நாற்பது. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்தை நாற்பதால் வகுத்தால் மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நொடி, ஒரு மணி நேரம்கூட இல்லை. கடைசி நாளில் எடுத்தால் போகிறது என்று விட்டுவிட்டான்.

அவன் தொழிலுக்கு அது தப்பான கணக்கு இல்லை. மெமரி கார்டில் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தால் முப்பத்திரண்டு, போனில் அறுபத்து நான்கு என்றால் அறுபத்து நான்கு. அவன் கை தொடுகிற எல்லாமே ஒரே படியில் அளந்தவை. லைனையும் அதே படியில்தான் அளந்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டான்.

கடைசி நாள் நாலரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எல்லாத் துண்டுகளையும் மொத்தமாகச் சேர்த்து இறக்கு என்று கொடுத்தான். ஒரு பச்சைக் கோடு கிளம்பியது. கிளம்பிய கோடு நகரவில்லை. வேகம் ஐந்து என்று காட்டியது. பக்கத்தில், இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது. வயரைப் பிடுங்கிச் செருகினான், லைன் வருகிற மோடத்தை அணைத்துப் போட்டான். அப்போதும் ஐந்துதான். அந்தச் சந்துக்குள் கைபோன் சிக்னலும் சரியாக வராது, வாசலில் நின்று கத்திப் பேச மட்டும்தான் ஆகும். வாசலுக்குப் போய் லைன் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

"நாப்பது குடுக்கறோம்னு சொல்லிட்டு அஞ்சு குடுத்தா என்னம்மா அர்த்தம்?"

"லைன்ல இப்ப என்ன சார் ஓடுது?"

"ஒண்ணே ஒண்ணுதான் இறங்குது. அஞ்சுன்னு காட்டுது."

"அஞ்சு காட்டுதுன்னா சரியாத்தான் சார் வருது."

"நாப்பது எப்படிம்மா அஞ்சாகும்? ஓட்டை எங்க இருக்கு?"

"ஓட்டை எல்லாம் இல்ல சார். நாங்க சொல்ற நாப்பது பிட் கணக்கு. உங்க கம்ப்யூட்டர் காட்டுறது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். நாப்பதை எட்டால வகுத்துப் பாருங்க."

இவன் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"முட்டை மாதிரி வச்சுக்கங்க சார். நாங்க நொடிக்கு நாப்பது முட்டைன்னு சொல்றோம். நீங்க எட்டு முட்டை வைக்கிற பெட்டியா எண்ணுறீங்க. அஞ்சு பெட்டிதானே வரும்."

"அதை முதல்லயே பெட்டிக் கணக்குல சொல்லித் தொலைச்சா என்ன?"

"எல்லாக் கம்பெனியும் முட்டைக் கணக்குலதான் சார் சொல்லுது. நாப்பதுன்னா கேக்க நல்லா இருக்குல்ல." அவளுக்கே சிரிப்பு வந்திருக்கிறது. "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"ஆறு மணி இன்னிக்குக் கொஞ்சம் லேட்டா வருமான்னு பாரும்மா."

"சார்?"

"ஒண்ணுமில்ல, வச்சிடு."

உள்ளே வந்து பார்க்கிறான், மணி ஐந்து. மொத்தமாகக் கொடுத்ததால் அது மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றால் ஒன்றும் திறக்காது. அதை நிறுத்தினான். மீதி ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். துண்டு துண்டாக எடுத்தால் ஒரு துண்டுக்கு ஒன்றரை நிமிஷம், மொத்தம் நாற்பது துண்டு. பெரியவள் இருந்த நாட்கள் முப்பது. நாளுக்கு ஒரு துண்டு தாராளமாக எடுக்கலாம். அவள் வந்துபோகிற அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்தால் போதும், மற்றதெல்லாம் இவன் குனிந்துகொண்டிருக்கிற படம்தானே. அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

அவள் வருவது ஒரு மணிக்கு. இத்தனை வருஷமாக ஒரு மணிக்குத்தான் சாப்பிடுகிறான், கேரியர் சூடாகத்தான் இருக்கும். அவள் போன நாளிலிருந்து ஆரம்பித்து, பின்னோக்கி, ஒரு மணித் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். பத்துத் துண்டு வந்த பிறகு, ஒன்றைத் திறந்து பார்ப்போமே என்று தோன்றியது. திறந்தான்.

பலகையில் இவன் குனிந்திருக்கிறான். கேரியர் ஏற்கெனவே மேசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து இவன் நிமிர்கிறான், கையைத் துடைக்கிறான், கேரியரைத் திறக்கிறான், தனியாகச் சாப்பிடுகிறான். ஓட்டி ஓட்டிப் பார்த்தான். அடுத்ததைத் திறந்தான். அதிலும் கேரியர் இருக்கிறது, அவள் இல்லை. பத்திலும் அப்படித்தான்.

ஒரு மணிக்கு வந்தது அவள் இல்லை, அவனுடைய பசி.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு எதிரே ஓடினான். எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற அம்மா சந்துப் பக்கம் பார்த்தபடிதான் நாள் முழுக்க நிற்பாள்.

"என்னண்ணே, நீங்க இந்தப் பக்கம் வந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன். கடை தீப்பிடிச்சுக்கிச்சா?"

"எங்கக்கா எத்தனை மணிக்கு வருவா?"

அந்த அம்மா கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள். "என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க?"

"சொல்லும்மா. நேரமில்ல."

"பதினொண்ணு தாண்டினதும் வருவாங்க. மெஷின் சூடாயிடும், நான் கொஞ்சம் நிறுத்துவேன், அந்த நேரம்தான். கேரியரை வச்சிட்டு ஸ்டூல்ல உட்காருவாங்க. பன்னெண்டுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"உட்காருவாளா?"

"ஏண்ணே, தினம் உட்கார்ந்து பேசிட்டுத்தானே போவாங்க. நீங்களும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அக்கா தம்பின்னா இப்படி இருக்கணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லுவேன். அவரு அவங்க அக்காவோட பேசுறதே இல்ல."

அவன் திரும்பி ஓடினான். சந்தின் குறுக்கே வரும்போது ஒரு சைக்கிள்காரன் திட்டினான், அதுவும் இவன் காதில் விழுந்திருக்காது.

மறுபடி அவள் போன நாளிலிருந்து ஆரம்பித்தான், இந்த முறை பதினோரு மணித் துண்டுகள். இறங்க இறங்கத் திறந்து பார்க்கவில்லை, பார்த்தால் நேரம் போய்விடும் என்று பயம். பச்சைக் கோடு நிறைவதையும் மூலையில் ஓடுகிற மணியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஆறு அடித்தபோது ஒரு துண்டு முக்கால் தூரம் வந்திருந்தது. அது அப்படியே நின்றது. பிறகு அந்தப் பக்கமே திறக்கவில்லை. அவள் இருந்த மாதத்தில் முதல் ஒரு வாரம் போய்விட்டது. மற்றது கைக்கு வந்தது.

இதெல்லாம் அவனே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடை விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தான். நான் கட்டிலில் படுத்திருந்தேன், முழங்கால் மடங்குவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"மாமா, இதைப் பாருங்க."

பார்த்தேன். எங்கள் பெரியவள். ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசுகிறாள். கையை விரிக்கிறாள், விரலை மடக்கி எண்ணுகிறாள், யாரையோ பழிக்கிற மாதிரி உதட்டைச் சுழிக்கிறாள். பக்கத்தில் இவன் குனிந்து தலையை ஆட்டுகிறான். அவள் இவன் தலையைப் பார்த்தே பேசுகிறாள்.

"என்னடா பேசுறா?"

"தெரியலையே மாமா. எல்லா நாளும் இப்படித்தான் பேசிட்டே இருக்கா. சத்தம் இல்ல. நான் பக்கத்துலயேதான் இருக்கேன். ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பெரியவள் காலையில் சமையல் முடிந்ததும் எனக்குப் போன் போடுவாள். தினமும். நான் படுத்த இடத்தில் கிடந்தாலும் சொந்தக்காரர் செய்தி அத்தனையும் என்னிடம் வந்துவிடும். ஆம்பிளைக்கு இவ்வளவு வம்பு ஆகாது மாமா என்று கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கேட்டதைக் கேரியரோடு கொண்டுபோய் இவனிடம் இறக்கியிருக்கிறாள்.

"இது எந்த நாள்டா?"

சொன்னான். நான் யோசித்தேன். மனுஷனுக்குக் கண் போகலாம், கால் போகலாம், எனக்கு இது மட்டும் போகவில்லை. "அன்னிக்குத்தான் உன் சின்னத் தாத்தா பேத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த சேதி சொன்னேன். விரலை மடக்குறாளே, அது யார் வழியில எத்தனை இரட்டைன்னு எண்ணுறா."

"நம்ம வழியில இரட்டை உண்டா?"

"மூணு உண்டு. உங்கம்மா உங்கிட்ட சொல்ல இருக்கல. உங்கக்கா சொல்லியிருக்கா."

அடுத்ததைப் போட்டான். அதில் பெரியவள் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"இது என்ன மாமா? இதை நாலு நாளா பார்க்கிறேன். எதுக்குச் சிரிக்கிறா?"

"என் சின்ன மச்சான் காது மெஷின் வாங்கினான்ல. வாங்கின மறுநாளே பொண்டாட்டி வாயைத் திறந்ததும் மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். அவளும் விடல. பையைப் பிடிச்சு இழுத்து, அதுக்குள்ள குனிஞ்சு கத்தியிருக்கா."

குனிஞ்சான் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. போனில் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அதில் அவள் சிரிப்பை நிறுத்தி, இவன் சிரிக்கிறானா என்று குனிந்து இவன் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் இவனும் நிறுத்திவிட்டான்.

இப்படியே பொழுது சாயும்வரை ஓடியது. சிலது எனக்கு நினைவு வந்தது, சிலது வரவில்லை. வராததற்கு நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. தெரியவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைப் போடுவான். மருமகள் விளக்கைப் போட்டு இரண்டு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனாள். அவனுடையது ஆடை கட்டி ஆறிவிட்டது.

கடைசியாக ஒன்றை எடுத்தான். எடுத்துவிட்டு, உடனே ஓட்டவில்லை.

"இது அன்னிக்கு மாமா. அவ போன அன்னிக்கு."

பெரியவள் வருகிறாள், கேரியரை வைக்கிறாள், உட்காருகிறாள். பேசவில்லை. இடது தோளை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெகுநேரம் அப்படியே. படம்தான் நின்றுபோனதோ என்று நினைத்தேன், அதில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. பிறகு எழுந்தாள். கேரியர் மூடியை இன்னொரு தரம் அழுத்தினாள். வாசலில் போய் நின்று, திரும்பி, ஏதோ சொன்னாள். உள்ளே இவன் குனிந்தபடியே இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவள் போய்விட்டாள்.

"அன்னிக்கு நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க மாமா?"

"அன்னிக்கு அவ போன் பண்ணலடா. நானும் ஏன்னு கேக்கல. நாளைக்குப் பண்ணுவான்னு விட்டுட்டேன்."

அவன் படத்தைப் பின்னால் தள்ளி, வாசலில் அவள் திரும்புகிற இடத்தில் நிறுத்தினான்.

"வாசல்ல என்னமோ சொல்றாளே."

"போயிட்டு வரேன்னு சொல்லியிருப்பா."

அவன் மறுபடி ஓட்டினான். அவள் உதடு அசைந்தது. இன்னொரு தரம் ஓட்டினான். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில், லென்ஸ் போட்டுப் பார்க்கிற தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டான்.

"போயிட்டு வரேன்னு சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது மாமா," என்றான்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. அவன் அதைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினான்.